ஸ்டெப்னியாக ஒரு பேஸ் கிட்டார்

திருவண்ணாமலையில் பப் கலாசாரம் கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் இருந்துகொண்டு பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மேடைகளுக்குக் குறைவில்லை. ஆடி பிறந்தால் செங்கம், போளூர், ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோயில் திருவிழாக்களும் இன்னிசைக் கச்சேரிகளும் தொடங்கிவிடும். ஆவணியிலும் தையிலும் கல்யாண ரிசப்ஷன்கள். கிழக்கே சுமார் 100 கி.மீ. போனால் புதுச்சேரி, வடமேற்கே சுமார் 200 கி.மீ. போனால் பெங்களூரு, பப் மேடைகள் அந்த இரண்டு ஊர்களிலும் உண்டு. இப்படி மாதத்தில் சில இரவுகளாவது வாசித்துச் சம்பாதிப்பவருக்குக் கையில் ஒரே ஒரு பேஸ் இருப்பது ஒரு கட்டத்தில் உறுத்தத் தொடங்கும். இரண்டாவது வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலாவதில் இல்லாததைத் தேடுகிறார்கள். நாலு கம்பி இருக்கிறதே, இனி ஐந்து கம்பி வாங்கலாம். சாதா பேஸ் இருக்கிறதே, ஃபிரெட் இல்லாதது வாங்கலாம் என்று போகிறது கணக்கு. வீட்டில் வாசிக்க, ரெக்கார்டிங்குக்குப் போக இந்தக் கணக்கு சரி. மேடைக்குச் சரிவராது. மேடையில் இரண்டாவது பேஸ் என்பது ஸ்டெப்னி. ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களின் அளவிலேயே இருக்க வேண்டும்.

முதல் பேஸ் எப்படிக் காலை வாரும் என்று பார்த்தாலே எதை வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும். லீட் கிட்டாரில் கம்பி அறுவது சாதாரணம். பேஸ் கம்பிகள் தடித்தவை, அபூர்வமாகத்தான் அறும். பேஸ் ஊமையாவது பெரும்பாலும் மின் இணைப்பில்தான்: கேபிள் செருகும் ஜாக்கின் நட்டு தளர்ந்து உள்ளே ஒயர் முறுக்கி அறும், ஈயப்பற்று விட்டுப்போகும், வால்யூம் குமிழில் தூசி ஏறிக் கரகரக்கும், ஆக்டிவ் பேஸாக இருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீரும். இதில் எதையும் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் சரிசெய்ய முடியாது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்ற விதி இருப்பதால், எட்டு மணிக்குத் தொடங்கும் ரிசப்ஷன் கச்சேரியில் பத்து நிமிடம் போனாலும் மூன்று பாட்டு போனது போலத்தான். ஆகவே பழுதாகும் உறுப்புகள் எதில் மிகக் குறைவோ அதுதான் இரண்டாவது பேஸுக்குப் பொருத்தம். அதாவது பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ்.

ஆக்டிவ் பேஸின் வசதியை மறுப்பதற்கில்லை. உள்ளே ப்ரீஆம்ப் இருப்பதால் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் கூட்டவும் குறைக்கவும் முடியும். நீளமான கேபிளிலும் ஒலி மங்காது. ஆனால் இந்த வகைப் பேஸ்களில் கேபிளைச் செருகியதுமே பேட்டரி இயங்கத் தொடங்கும். ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்காமல் சாப்பிடப் போனால் அது தீர்ந்துகொண்டே இருக்கும். ஸ்டாண்டில் மாதக்கணக்கில் காத்திருந்து, கூப்பிட்ட நொடியில் பேச வேண்டிய வாத்தியத்துக்கு இது ஆகாத குணம். யமஹாவின் டிஆர்பிஎக்ஸ்174 பாசிவ். அதே வரிசையில் மேலே உள்ள 204, 304 இரண்டும் ஆக்டிவ். கடைக்காரர் மேலே ஏறச் சொல்வார், இந்த வேலைக்குக் கீழே உள்ளதே போதும். ஸ்குவையர் நிறுவனத்தின் சோனிக் பிரிசிஷனும் பாசிவ்தான். ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200 கைக்கு இலகுவான, மெல்லிய நெக் கொண்ட நல்ல பேஸ், ஆனால் அதில் பேட்டரி உண்டு. அதையே வாங்குவதென்றால் பேட்டரியைக் கழற்றினால் சத்தம் வருகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பிக்கப். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு 1957இல் இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் வந்தது. இரு துண்டுகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ஒன்று பிடிக்கும் மின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இருப்பவை தனித்தனி ஒற்றைச் சுருள்கள். இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றை மட்டும் குறைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கிளம்பும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பெரிய விஷயமல்ல. நம் ஊர் மேடை வேறு. பந்தல் முழுக்க சீரியல் லைட், பக்கத்தில் ஜெனரேட்டர், எர்த் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பிளக் பாயிண்ட். பேஸுக்கென்று தனி ஆம்ப் வைப்பதும் குறைவு, டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குப் போய், உறுமல் மொத்தமும் பந்தலின் பெரிய பெட்டிகளில் விழும். பேஸ் குறைந்த விலையாக இருந்தாலும் பிரிந்த பிக்கப் இந்தச் சங்கடத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும். ஜாஸ் பேஸின் கணீரென்ற ஒலியை விரும்புகிறவர்கள் பிரிசிஷன் (பி), ஜாஸ் (ஜே) இரண்டு வகைப் பிக்கப்பும் சேர்ந்த மாடலை எடுக்கலாம். டிஆர்பிஎக்ஸ்174 அந்த வகைதான்.

ஐந்து கம்பிக்காரர்கள் வைக்கும் வாதம் வலுவானது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மெல்லிசைக் குழுவில் பாட்டு மூலச் சுருதியில் நிற்பதில்லை. மூன்று கட்டையில் பதிவான பாட்டைப் பாடகர் இரண்டு கட்டைக்கு இறக்கச் சொன்னால், நாலு கம்பிப் பேஸின் அடிக் கம்பியான ஈ-க்கும் கீழே ஆதார சுரம் போய்விடுகிறது. ஐந்தாவது கம்பி அங்கே கைகொடுக்கும். ஆனால் எவ்வளவு? ஈ கம்பியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவதான பி கம்பி சுமார் 31. சின்ன மண்டபத்து ஒலிபெருக்கிகள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடிப்படை ஒலியை முழுதாகத் தருவது அரிது; கேட்பவர் காதில் விழுவதில் பெரும்பகுதி அதன் மேல் அதிர்வுகள்தான். அதே சுரத்தை ஏ கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் பாட்டு ஒன்றும் விழுந்துவிடாது. அவசரத்தில் ஈ கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்கிக்கொள்ளவும் முடியும். மாறாக, நாலு கம்பிக்குப் பழகிய கை நடுப்பாட்டில் ஐந்து கம்பிக்கு மாறினால், கம்பிகள் நெருங்கி, மேலே ஒன்று கூடுதலாக இருப்பதால் விரல் கணக்கு முழுதாகப் பிசகும். முதல் பேஸ் ஐந்து கம்பியாக இருப்பவர்கள் இரண்டாவதும் ஐந்து கம்பியாகவே வாங்கட்டும். ஸ்டெப்னி வாதத்தின் சாரமும் அதுதான்.

சின்ன ஸ்கேல் பேஸ் பற்றிய ஆசைக்குக் காரணம் பஸ். முழு அளவுப் பேஸ் பெட்டியோடு சேர்த்து நாலடியை நெருங்கும். இரண்டைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறுவது எளிதல்ல. கார்த்திகைத் தீபத்தின் போதும் பௌர்ணமி நாட்களிலும் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால் மீதி தூரம் நடைதான். 30 அங்குல ஸ்கேல் கொண்ட ஸ்குவையர் பிராங்கோ, 28.6 அங்குலமே உள்ள ஐபனெஸ் மைக்ரோ இரண்டும் அந்தச் சுமையைக் குறைக்கும். ஆனால் அளவைப் பாருங்கள்: 34 அங்குல ஸ்கேலில் ஐந்தாவது ஃபிரெட் மேல்நட்டிலிருந்து சுமார் எட்டரை அங்குலத்தில் இருக்கிறது, 30 அங்குல ஸ்கேலில் ஏழரையில். பழக்கத்தில் விரல் பழைய இடத்திலேயே விழுந்தால் சின்ன பேஸில் அது ஆறாவது ஃபிரெட் கட்டத்துக்குள் போய் அரைச்சுரம் ஏறிவிடும். குனிந்து பார்த்து வாசிப்பவர் சமாளிப்பார். டிரம்மர் முகத்தைப் பார்த்து வாசிப்பவர் மாட்டிக்கொள்வார். அந்த நாட்களில் ஆட்டோவுக்குச் செலவழிப்பதே மலிவு.

கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் பிடித்துக்கொள்வாரே, இரண்டாவது எதற்கு என்பதும் குழுக்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான்கு கார்டில் ஓடும் குத்துப்பாட்டுக்கு அது நடக்கும். இளையராஜா பாட்டுக்கு நடக்காது. வயலின் வரிசை, புல்லாங்குழல், இடையிசை எல்லாம் கீபோர்டின் இரண்டு கைகளிலும் ஏறியிருக்கும். அங்கே பேஸ் என்பது ஆதார சுரத்தைத் தட்டிக்கொண்டிருப்பதல்ல, தனியாக நடக்கும் ஒரு மெட்டு. இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த வரிகளும் ஏ.ஆர். ரகுமானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்தவையும் ரசிகர்கள் வாயால் முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிப்போனவை. அவை இல்லாவிட்டால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

விலை கடைக்குக் கடை மாறும். மேலே சொன்ன தொடக்க நிலைப் பாசிவ் பேஸ்கள் 20,000 ரூபாயை ஒட்டி முன்பின்னாகக் கிடைக்கின்றன. சென்னை அண்ணா சாலையில் உள்ள, 1842இல் தொடங்கப்பட்ட மூசி மியூசிக்கல் போன்ற கடையில் கையில் எடுத்து வாசித்துப் பார்க்கும் வாய்ப்புக்கு ஒரு நாள் பயணம் தகும். பழையது வாங்கினால் அதே பணத்தில் ஒரு படி மேலான மாடல் கிடைக்கலாம், ஆனால் நெக்கைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நலம். அதிகமாக வளைந்திருந்தால் நெக்குக்குள் ஓடும் தண்டான டிரஸ் ராடை ஆலன் சாவியால் கொஞ்சம் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். திருகு அசையாமல் இறுகிக் கிடந்தால் அந்தப் பேஸை வைத்துவிட்டு வந்துவிடலாம். இங்கே சித்திரை வெயிலில் காயும் மரம் கார்த்திகை மழையில் ஊறும், நெக்கைச் சரிசெய்ய முடியாத பேஸ் ஒரு வருடம் தாங்காது. டிரஸ் ராடே இல்லாமல் வரும் மிக மலிவான பேஸ்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

வாங்கிய பிறகு முதல் பேஸில் போட்டிருக்கும் அதே தடிமன் கம்பிகளை இதற்கும் போட்டு, தோள் பட்டையை அதே துளையில் மாட்டுங்கள். முதல் பேஸ் ஆக்டிவாக இருந்தால் அதன் சத்தம் தூக்கலாக வரும், பாசிவுக்கு மாறும்போது திடீரென்று தாழும். சவுண்ட் செக்கில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, இரண்டுக்கும் மிக்சரில் எவ்வளவு கெயின் வேண்டும் என்று மைக் செட்காரரைச் சேனலுக்கு மேலே ஒட்டும் டேப்பில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டால் போதும். கச்சேரி முழுக்க இரண்டாவது பேஸ் சுருதி கூட்டப்பட்டு ஸ்டாண்டில் நிற்க வேண்டும், உறைக்குள் அல்ல.