கூத்திற் கொடிய வீரனுக்கு இடம் அமைத்தல்

நாடகம் பலர் கூடி இயற்றுங் கலையாகும். கவிதையை ஒருவர் தனியே இருந்து யாக்கலாம். ஓவியத்தை ஒருவர் தனியே தீட்டலாம். நாடகமோ அண்ணாவியார், மத்தளகாரர், பிற்பாட்டுக்காரர், ஆடுவோர், உடுப்புக் கட்டுவோர் ஆகிய பலருடைய கூட்டுறவினாலேயே உருப்பெறுவது. அக்கூட்டத்தினுள்ளே ஒருவன் உருவாலும் குரலாலும் மற்றெல்லாரினும் ஓங்கி நிற்பானாயின், அவன் கொடியவனாகவும் இருப்பானாயின், அவனை எவ்விடத்தில் எவ்வளவில் நிறுத்துவது என்பது சிறிய வினாவன்று. இராவணனையும் துரியோதனனையும் சூரபன்மனையும் மேடையேற்றப் புகுந்தோர் யாவரும் இவ்வினாவை எதிர்கொண்டேயிருப்பர்.

பாடசாலை மேடையில் இவ்வினா மேலுஞ் சிக்கலாகின்றது. அங்கே ஆடுவோர் மாணவர். ஒருவனுக்கு முழுப் புகழும் மற்றையோர்க்குத் தூண்போல நிற்கும் வேலையுங் கிடைக்குமாயின், நாடகம் ஒருவேளை வெல்லலாம். அதனாற் பெறவேண்டிய கல்வி தோற்றுவிடும். ஆதலின், கொடிய வீரனுக்கு இடம் அமைக்கும் முறையை எமது மரபு எவ்வாறு கற்பிக்கின்றது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இரு தவறான வழிகள்

இவ்விடயத்தில் இரு வழிகள் எளிதிற் கைக்கு வருவன. இரண்டுந் தவறானவை.

முதலாவது, கொடியவனைச் சிறியவனாக்குதல். அவனுக்கு முரட்டு மீசையுங் கோணல் நடையுங் கொடுத்து, சபையோர் கண்டு சிரிக்கும் கோமாளியாக்கிவிடுவது. இதனால் இழப்பு அவனுக்கு மாத்திரமன்று. பகைவன் சிறியவனாயின் அவனை வென்றவனுஞ் சிறியவனாகின்றான். கம்பர் இராவணனுடைய ஆற்றலையுங் கல்வியையும் இசைப்புலமையையுங் குறைத்துப் பாடவில்லை. இராமனுடைய வெற்றி அப்பெருமையின்மேலேயே நிற்கின்றது.

இரண்டாவது, கொடியவனையே நாடகமாக்கிவிடுதல். நல்ல குரலும் வாட்டசாட்டமான உடலும் உள்ள ஒருவனை இராவணனாக்கி, அவன் ஆடும் பொழுது ஏனையோர் ஒதுங்கி நிற்கும்படி செய்வது. சபையோர் அவனையே நோக்குவர். வீடணன் பேசிய நீதியும் மண்டோதரி சிந்திய கண்ணீரும் எவர் காதிலும் விழா. மில்ற்றன் 1667ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இழந்த சுவர்க்கம்’ என்னுங் காப்பியத்திற் சாத்தானே மற்றெல்லாரையும் விழுங்கிவிட்டான் என்று ஆங்கிலத் திறனாய்வாளர் பலர் வாதிட்டுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. பெரும் புலவர்க்கே நேர்ந்த இடர் எமக்கு நேராதென்று இறுமாந்திருத்தல் ஆகாது.

கச்சியப்பர் காட்டும் முறை

யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முறையைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்று வழங்கினார்கள். கோயில் மண்டபங்களிற் புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் இக்குடாநாட்டில் வேரூன்றியது. ஆதலின் எமது வினாவுக்கு விடையை அந்நூலிலேயே தேடுதல் பொருத்தமாகும்.

முருகப்பெருமானின் சேனை பலவகைப்பட்டது. நவவீரர் உளர்; பூதகணங்கள் உள; சிறைப்பட்ட தேவர்களின் துயரமும் அச்சேனையோடு செல்கின்றது. இவ்வளவு பேருக்கும் எதிரே தனியொருவனாக ஓங்கி நிற்கும் சூரனைக் கச்சியப்ப சிவாசாரியார் நான்கு கட்டுகளாற் கதையோடு பிணைத்துள்ளார்.

முதலாவது, அவனுடைய பெருமையை மறைக்கவில்லை. ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகங்கள் ஆளும் வரம் அவனுக்கு உண்டு. அது தவத்தாற் பெற்றது, திருடியதன்று. எனினும் அவ்வரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதைக் கேட்போர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்கின்றனர்.

இரண்டாவது, அவன் அவையிலேயே அவனை மறுத்துப் பேசவல்லார் இருக்கின்றனர். வீரவாகுதேவர் தூதராக வந்து உரிய மதிப்போடு வீற்றிருந்து நீதி கூறுகின்றார். அதனினும் ஆழமானது தம்பி சிங்கமுகன் கூறும் அறிவுரை. தேவரைச் சிறைவிடும்படி இரந்து, கேளாவிடத்து அத்தமையனுக்காகவே போர்மேற் சென்று மடிகின்றான் அவன். கம்பரின் கும்பகருணனும் இவ்வினத்தவனே. கொடியவனை அன்பினாற் பிணித்து நிற்கும் ஒருவன் இருக்கும்பொழுது அக்கொடியவன் வெறும் அரக்கனாக இருத்தல் இயலாது, அவன் ஒரு தமையனாகின்றான், ஒரு குடும்பத்தவனாகின்றான்.

மூன்றாவது, அவனுக்குத் திரும்பும் வாயில் ஒன்று திறக்கப்படுகின்றது. பெருமானின் பேருருவைக் கண்ட சூரன் ஒரு கணம் உள்ளம் நெகிழ்கின்றான், வணங்க விழைகின்றான், மானம் தடுத்துவிடுகின்றது. அக்கணம் இல்லையாயின் போர் வெறும் ஆயுதப் பயிற்சியாகும். அக்கணத்தினாலேயே அது ஓர் உயிரின் போராட்டமாகின்றது.

நான்காவது, முடிவில் அவன் கதையினின்றும் எறியப்படவில்லை. கடலில் மாமரமாகி நின்றவன் வேலாற் பிளக்கப்பட்டுச் சேவலும் மயிலுமாகி, ஒன்று கொடியாகவும் மற்றொன்று ஊர்தியாகவும் அக்கூட்டத்திலேயே இடம்பெறுகின்றான். எதிரே நின்ற பேராற்றல் அழியாது, திசை மாறித் தொண்டு செய்கின்றது.

இவற்றைக் கற்றோர் மாத்திரம் உணர்ந்தனர் என்பதற்கில்லை. ஐப்பசிக் கந்தசட்டியின் ஆறாம் நாளில் எமது ஊர்க் கோயில் வீதிகளில் நடக்கும் சூரன் போரைப் பாருங்கள். சூரனுடைய உருவைத் தோளிற் சுமந்து, முன்னே பாய்ந்தும் பின்னே ஓடியும் சுழன்றும் ஆட்டும் இளைஞரின் வியர்வை சிறிதன்று. தலைகள் மாறுகின்றன, மாங்கொம்பு வருகின்றது, ஈற்றிற் சேவலும் மயிலுந் தோன்றுகின்றன. சூரனைச் சுமப்போரும் முருகனடியாரே. கொடியவனின் பாரத்தைத் தாங்குவதும் வழிபாட்டின் ஒரு கூறென எமது மக்கள் எக்காலமும் அறிந்திருந்தனர்.

களரியின் ஒழுங்கு

புராணத்திற் கண்ட கட்டுகளைக் கூத்துக் களரி தனக்கேயுரிய முறையிற் செயற்படுத்துகின்றது. வடமோடிக் கூத்துக்களிற் போர்க்கதைகளே பெரும்பான்மையன. அரசனுக்குரிய கனத்த உடுப்பும் முடியும், வில்லும் வாளுந் தண்டும், விரைந்த ஆட்டமும் கொடிய வீரனுக்குத் தாமாகவே ஒரு பெருந்தோற்றத்தை அளிப்பன. அவனுடைய வரவு சபையைக் கிடுகிடுக்கச் செய்வதாகவே அமையும். மலையாள நாட்டுக் கதகளியிலும் இராவணன், துரியோதனன் முதலியோர்க்குக் கத்தி வேடம் என்னுந் தனி ஒப்பனையும், திரைக்குப் பின்னின்று சிறிது சிறிதாக முகங்காட்டும் திரநோக்கும் உண்டு. கொடியவனுக்குச் சிறந்த வரவு கொடுத்தல் பழைய மரபினர் யாவர்க்கும் உடன்பாடே.

வரவின்பின் அவனைக் கட்டுப்படுத்துவது எது? பிற்பாட்டு. அவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகின்றனர். அவன் எவ்வளவு உரத்துப் பாடினும் அவ்வடி அவனுக்கே உரியதாக நில்லாது கூட்டத்தாரின் பாட்டாகிவிடுகின்றது. அவன் கால் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் தாளத்துக்கும் அடங்கியே ஆடவேண்டும். துரியோதனனும் தாளத்தைத் தப்பவிடல் முடியாது. இன்னும், விடியும்வரை ஆடப்படும் கூத்துக்களில் ஒரு தலைமைப் பாத்திரத்தையே இருவரோ மூவரோ பங்கிட்டு ஆடும் வழக்கம் உண்டு. முடி ஒருவர் தலையினின்றும் மற்றொருவர் தலைக்கு மாறும்பொழுது, பெருமை பாத்திரத்துக்கு உரியதேயன்றி ஆடுபவனுக்கு உரியதன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

நடுவே வந்த இராவணன்

கொடிய வீரனைக் கதையின் ஓரத்திலிருந்து நடுவிற்கே கொண்டுவந்த முயற்சியும் எமது நாட்டில் நிகழ்ந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956ஆம் ஆண்டில் மேடையேற்றிய ‘மனமே’ சிங்கள நாடக உலகில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. அதே பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் தமிழ்க் கூத்தைப் புதுக்கும் பணியில் ஈடுபட்டு, 1962ஆம் ஆண்டிற் ‘கர்ணன் போர்’ என்பதனையும், அதன்பின் சில ஆண்டுகளுள் ‘இராவணேசன்’ என்பதனையும் மாணவரைக் கொண்டு மேடையேற்றினார்கள். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் பிற்காலத்திற் பேராசிரியராக விளங்கிய சி. மௌனகுரு அவர்கள். அங்கே இராவணன் துன்பியல் நாயகனானான்.

இரவு முழுதும் நீண்ட கூத்தை ஒன்றிரண்டு மணிநேரத்துட் சுருக்கியபொழுதும், வட்டக்களரியினின்றும் படச்சட்ட மேடைக்கு மாற்றியபொழுதும், மத்தளமும் பிற்பாட்டும் கைவிடப்படவில்லை. கொடியவனை நடுவில் நிறுத்துவதாயினும் அவனைச் சூழ்ந்துள்ள கூட்டத்தைக் கலைத்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

மேசையைச் சுற்றி ஒரு கூத்து

இக்கால மாணவர் சிலர் மேலைநாட்டு விளையாட்டொன்றை அறிந்திருப்பர். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கதையைத் தம் வாயாலேயே வளர்த்துச் செல்வர். ஒருவர் நடுவராயிருந்து உலகத்தை விரிப்பார். ஐயமான இடங்களைத் தாயக்கட்டை தீர்க்கும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதன்மையானது. வீரன், மந்திரவாதி, திருடன், பூசகர் எனப் பலவகைப்பட்டோர் கூடிய அணியில் ஒருவர், ‘நான் அஞ்சத்தக்க கொடிய போர்வீரனாக வருவேன்’ என்பாராயின், ஏனையோர்க்கு என்ன வேலை எஞ்சும் என்னும் வினா அங்கும் எழுகின்றது.

எமது மரபின் விடை அங்கும் பொருந்தும். அவன் ஆற்றலைக் குறைக்க வேண்டுவதில்லை; அணியிலுள்ள ஒருவரோடேனும் அவனுக்குக் கடனோ உறவோ சத்தியமோ இருத்தல் வேண்டும். அவனாலும் தனித்து முடிக்கவியலாத ஒரு கருமம் இருத்தல் வேண்டும். அவனை மறுத்துப் பேசும் உரிமை எளியவனுக்கும் இருத்தல் வேண்டும். தன் தோழரையே வஞ்சிப்பதை விளையாட்டாகக் கொள்வதில்லை என்று தொடங்குமுன்னரே யாவரும் உடன்படுதல் வேண்டும். துரியோதனனிடத்துக் கர்ணன் நிற்பது செஞ்சோற்றுக் கடனால் அன்றோ? கொடிய அணியினுள்ளும் அறத்தின் ஓரிழை அவனை அங்கே கட்டி வைத்திருக்கின்றது.

மேடையேற்றுவோர் கருத்துக்கு

இதுகாறுங் கூறியவற்றைப் பாடசாலை நாடகத்துக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியரும் மாணவரும் பயன்கொள்ளும்படி சுருக்கிக் கூறுவாம்.

சட்டங் கொடுக்கும்பொழுது உரத்த குரலையும் உயரத்தையும் மாத்திரம் நோக்கிக் கொடியவனைத் தெரிதல் வேண்டா. பிறர் பாடும்பொழுது அசையாது நின்று கேட்கவல்லவனே அப்பாத்திரத்துக்கு உரியவன். இராவணன் செவிகொடுத்துக் கேட்கும் பொழுதே வீடணனுடைய சொல்லுக்குச் சபையும் செவிகொடுக்கும்.

அவனை மறுத்துரைக்கும் பாத்திரத்தைச் சிறுவன் ஒருவனிடம் ஒப்புக்காகக் கொடுத்துவிடாது, வகுப்பிற் சிறந்த ஒருவனுக்கே கொடுத்தல் வேண்டும். சிங்கமுகன் தளர்ந்தாற் சூரனும் தளர்வான்.

கொடியவனை ஆடும் மாணவனை மேடைக்கு வெளியே அப்பெயரால் அழைத்துப் பரிகசித்தல் தகாது. இளம் உள்ளம் அதனாற் புண்படுவதுண்டு. முடியைக் கழற்றியவுடன் அவன் எங்கள் பிள்ளை. சூரனைச் சுமந்த தோளுக்குக் கோயிலிற் குறைவேதும் இல்லை என்பதை அவனுக்கும் அவன் தோழர்க்கும் எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

இறுதிக் காட்சியிற் கொடியவன் வீழ்ந்தபின் அவனுக்காக அழும் ஒருவரை நிறுத்துங்கள். மண்டோதரியின் புலம்பல் இல்லாத இராவண வதை முற்றுப்பெறாது. வென்றவரின் ஆரவாரம் விரைவில் மறக்கப்படும். தோற்றவனுக்காகச் சிந்திய கண்ணீர் நெடுங்காலம் நிற்கும்.

கூத்தென்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று. பகைவனை எவ்வளவு பெரியவனாகக் காணவேண்டும், அவன் சொல்லை எவ்வளவு கேட்கவேண்டும், அவன் வீழ்ந்தபின் அவனுக்கு எங்கே இடங் கொடுக்கவேண்டும் என்பனவற்றை ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பழக்கும் இடம் அது. பகைவனைச் சிறுமைப்படுத்தவே அறிந்த பிள்ளைகள் வளர்ந்தபின், தம்மோடு மாறுபட்ட அயலவனையும் அவ்வாறே நோக்குவர். மயிலின்மேல் அமர்ந்த பெருமானைத் தொழுது வளர்ந்த எமக்கு அது அழகன்று. அம்மயில் யாரென்பதை எமது மாணவர் மறவாதிருப்பாராக.