சாமுராய்க் காதலும் மாலிக் காஃபூரும்

ஜீவனஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள வாசகருக்கு,

நாகிசா ஓஷிமாவின் 'கோஹாட்டோ' பார்த்துவிட்டு, சாமுராய்களிடையே ஆண் ஆணை விரும்பியது உண்மையா, இயக்குநரின் கற்பனையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். எடோ காலத்தில் அது ஒளிவுமறைவான சங்கதி அல்ல. இஹாரா சைக்காக்கு 1687இல் வெளியிட்ட கதைத் தொகுப்பு முழுக்க ஆண்-ஆண் காதல்தான். அதன் முதல் பாதி சாமுராய்களைப் பற்றியது. மூத்த வீரனும் இளையவனும் ஒருவருக்கொருவர் விசுவாசம் காப்பதாக உறுதி செய்துகொள்வார்கள். அந்த இளையவன் பெரும்பாலும் பதின்வயதுப் பையன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை ஒரு பொற்காலமாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

ஓஷிமாவும் கொண்டாடவில்லை. 1996இல் பக்கவாதம் தாக்கியபின், 1999இல் அவர் எடுத்த கடைசிப் படம் இது. கதை நடப்பது 1865, கியோட்டோ. ஷின்சென்குமி படையில் கானோ என்ற பேரழகன் சேர்கிறான், படையே நிலைகுலைகிறது. தலைவர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்தப் பொறாமை எங்கே கொண்டுபோய் விடும், கட்டுப்பாடு என்னாகும் என்பதுதான் அவர்கள் கவலை. தகேஷி கிட்டானோ நடித்த ஹிஜிகட்டாவைப் பாருங்கள்: எல்லோரையும் எடைபோடும் அவருக்கே, தாமும் அந்த ஆசைக்குள் இருக்கிறோமோ என்ற ஐயம் மெல்லப் படிகிறது. அதே கிட்டானோ 2023இல் இயக்கிய 'குபி'யில், ஓடா நொபுநாகாவின் தளபதிகளிடையே காதலும் துரோகமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன.

நம் சரித்திரப் படங்களில் இப்படி ஒருவர் உண்டா என்றும் கேட்டீர்கள். உண்டு, மாலிக் காஃபூர். 1311இல் ஹொய்சளர் தலைநகர் துவாரசமுத்திரத்தைப் பணியவைத்து, அங்கிருந்து மதுரைவரை வந்த, டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி. துவாரசமுத்திரம்தான் இன்றைய ஹளேபீடு. சுல்தான் காஃபூர்மேல் மதிமயங்கிக் கிடந்தார் என்று வரலாற்றாசிரியர் பரனி எழுதினார். பரனி அவரை வெறுத்தவர். அவர் சொல்லை அப்படியே ஏற்க முடியாது.

சஞ்சய் லீலா பன்சாலியின் 'பத்மாவத்' 2018 ஜனவரியில் வந்தது. ஜிம் சர்ப் காஃபூராக நன்றாகவே நடித்தார். ஆனால் படத்துக்கு அவருடைய ஆசை, அலாவுதீனின் குரூரத்தைக் காட்ட இன்னொரு வழி, அவ்வளவே. படத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களோ ராணி பத்மாவதியின் மானத்துக்காகத்தான் கொதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் விரும்பிக் கூடுவது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை மட்டுப்படுத்தியது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அது. ஜப்பானும் 1873இல் அப்படியொரு தடை கொண்டுவந்தது; பத்தாண்டுக்குள் கைவிட்டது.

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் பெயர்களையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அது நட்பு என்றே சங்கப் பாடல்கள் சொல்கின்றன, அப்படியே இருக்கட்டும். இல்லாத இடத்தில் காதலைத் தேடுவது, இருந்த இடத்தில் அதை இழிவுபடுத்துவதற்கு ஈடாகாது.

தமிழில் சரித்திரப் படம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மதுரைக்கு வந்த காஃபூரை எடுங்கள். கொள்ளையை மறைக்க வேண்டாம், படுகொலையை மறைக்க வேண்டாம். அவர் ஒருவரை நேசித்திருந்தால், அதை மட்டும் அவர் குற்றப்பட்டியலில் சேர்க்காதீர்கள்.

'குபி' கிடைத்தால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.