பித்தளையை இளக்க எந்த நெருப்பு?

பித்தளைத் தகட்டைச் சுத்தியலால் குழித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டம் தெரியும். முதலில் வளைந்து கொடுத்த தகடு, அடிக்க அடிக்க விறைத்துக்கொள்ளும். பிடிவாதமாக இன்னும் அடித்தால் விளிம்பு கீறும். அங்கே நிறுத்திக் காய்ச்சி எடுத்தால் மறுபடி இணங்கும். கோட்டாற்றை அடுத்த வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களின் வெள்ளித் தகட்டுக்கும் இதே குணம்தான். வீட்டில் செய்து பழகுகிறவர் எந்த நெருப்பைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் அளவு. செம்பு 70, துத்தநாகம் 30 பங்கு கலந்த பித்தளைக்கு 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் போதும். 900ஐத் தாண்டினால் உருகும் நிலைக்கு வந்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் இலேசான சிவப்பு தெரிந்தாலே சூடு போதுமானது.

சமையல் கேஸ் அடுப்பு: செலவில்லை. மெல்லிய கம்பிக்கும் உள்ளங்கையளவு தகட்டுக்கும் சரி. கனமான தகட்டில் நடுப்பகுதி மட்டும் சிவக்கும், ஓரம் விறைப்பாகவே நிற்கும்.

கையடக்க கேஸ் டார்ச்: வேண்டிய இடத்தை மட்டும் காய்ச்சலாம், நிறத்தையும் கண்ணால் பார்க்கலாம். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்த வேண்டும். மெல்லிய கம்பியில் ஒரு நொடி அசந்தால் உருண்டு சொட்டிவிடும்.

சிரட்டைக்கரி: தென்னை நிறைந்த நம் ஊருக்கு ஏற்றது. செங்கல் நாலைந்தை அடுக்கி, நடுவில் கரியைப் பரப்பினால் உலை தயார். பெரிய தட்டும் சீராகக் காயும். காற்று ஊதினால், ஊதும் வாய்க்கு நேரே மட்டும் பொருளை வைக்காதீர்கள். பகல் வெயிலில் சிவப்பு தெரியாது. அந்தி நேரமே நல்லது. மூடிய அறையில் கரி மூட்டவே கூடாது, அதன் நச்சுவாயு உயிரைக் குடிக்கும்.

மின்சார உலை: சூட்டை எண்ணில் அமைக்கலாம். ஒரே அளவில் பல பொருள் செய்கிறவருக்குத்தான் அதன் விலை கட்டுப்படியாகும்.

எந்த நெருப்பானாலும் அளவு மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் உள்ளே உலோக மணிகள் பெருத்து, அடிக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். வெள்ளைப் புகை எழுந்தால் துத்தநாகம் எரிகிறது; அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். எஃகு இறுகுவதுபோலப் பித்தளை தண்ணீரில் தோய்த்தால் இறுகாது. ஆறவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தால், காய்ச்சும்போது படிந்த கறுப்பு போய்விடும்.

வேலை முடிந்தபின் ஒரு மெல்லிய சூடும் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய சம்பவம்: பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே கீறல் விட்டன. அடித்து இழுத்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் லாயத்தின் அம்மோனியாவும் சேர்ந்த வினை அது என்று 1921இல் விளக்கினார்கள். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த இறுக்கம் தளரும். இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில், தொழுவமும் உரமூட்டையும் உள்ள வீட்டில் இந்த மெல்லிய சூட்டை விட்டுவிடக் கூடாது.

சிறு பொருளுக்கு டார்ச், தட்டுக்குச் சிரட்டைக்கரி: தொடங்குகிறவருக்கு இந்த இரண்டும் போதும். உலைக்குச் செலவழிக்குமுன், வீணான தகட்டுத் துண்டுகளில் பத்து முறை காய்ச்சி, அந்தச் சிவப்பைக் கண்ணுக்குப் பழக்குங்கள்.