எலும்பு மருந்து: பயம் எவ்வளவு, பலன் எவ்வளவு?

ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்புப் புரை நோய்க்கு மாத்திரை வாங்கி வந்து, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துப் பயந்து, பிரிக்காமலே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தாடை எலும்பு பாதிக்கப்படலாம், தொடை எலும்பு முறியலாம் என்று அதில் எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் அது ஒரு பக்கத்துக் கணக்குதான். மருந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தத் தாளில் இருக்காது. இடுப்பு எலும்பு முறியும் முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. எனவே இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். எலும்பு பழைய வீடு மாதிரி. ஒரு பக்கம் இடிப்பதும் இன்னொரு பக்கம் கட்டுவதுமாக உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடிக்கும் செல்களின் கை ஓங்கிவிடுகிறது. அலெண்ட்ரோனேட், ஜொலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் இந்த இடிப்பைத் தணிக்கின்றன. டெரிபாரடைட் ஊசி கட்டும் வேலையை முடுக்கிவிடுகிறது. பலனுக்கும் சில முக்கியமான பக்கவிளைவுகளுக்கும் காரணம் இதுதான்.

நம்பிக்கை 1: கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தால் போதும், வேறு மருந்து தேவையில்லை.

உண்மை: இரண்டும் அவசியம்தான். ஆனால் நோய் வந்துவிட்ட பிறகு அவை மட்டும் போதாது. 2007-இல் வெளியான ஹொரைசான் ஆய்வில் 7,700-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். எல்லோருக்குமே கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். கூடவே பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜொலெட்ரோனிக் ஆசிட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் டிரிப். மூன்று ஆண்டு முடிவில் முதுகெலும்பில் புதிய முறிவு ஏற்பட்டவர்கள், வெறும் டிரிப் பெற்றவர்களில் 100-க்கு 10.9 பேர், மருந்து பெற்றவர்களில் 3.3 பேர். இடுப்பு எலும்பு முறிவு 2.5-இலிருந்து 1.4 ஆகக் குறைந்தது.

இதே எண்களை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். மருந்து இல்லாமலே 100-க்கு 97 பேருக்கு அந்த மூன்றாண்டில் இடுப்பு எலும்பு முறியவில்லை. மருந்து எடுத்தும் சிலருக்கு முறிந்தது. முறிவின் வாய்ப்பைக் குறைப்பதுதான் மருந்தின் வேலை. அது முழுக் காப்புறுதி தருவதில்லை.

நம்பிக்கை 2: வலியே இல்லை, பிறகு மருந்து எதற்கு?

உண்மை: எலும்பு முறியும்வரை இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. மூட்டு வலி வேறு நோய். அதை இந்த மருந்துகள் குறைக்காது. ‘மூன்று மாதம் சாப்பிட்டும் முழங்கால் வலி போகவில்லை’ என்று நிறுத்துவதில் பொருளில்லை. எலும்பின் அடர்த்தியைச் சொல்வது டெக்ஸா ஸ்கேன். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப் புரை. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தாலோ, உயரம் குறைந்து கூன் விழுந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்து வந்தாலோ ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

நம்பிக்கை 3: மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும்.

உண்மை: அலெண்ட்ரோனேட் உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். அதனால்தான் அதை விழுங்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வாரம் ஒருமுறை, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீருடன். அதன்பிறகு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடாது. காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வதே கெட்டுவிடும். உணவுக்குழாயில் கோளாறு உள்ளவர்களுக்கும், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் இந்த மாத்திரை ஏற்றதல்ல. அவர்களுக்கு டிரிப் அல்லது ஊசி உண்டு.

ஜொலெட்ரோனிக் ஆசிட் முதல்முறை ஏற்றும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். அடுத்தடுத்த ஆண்டுகளில் இது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் நன்றாகப் பழுதுபட்டவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. ஆகவே முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நம்பிக்கை 4: தாடை எலும்பு அழுகிவிடும்.

உண்மை: அப்படி நேர்வது உண்டு. ஆனால் அதிகம் நேர்வது, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக இதே மருந்துகளைப் பெரிய அளவில் அடிக்கடி பெறுகிறவர்களுக்கு. எலும்புப் புரைக்கான அளவில் 10,000 பேரில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு என்பதே சர்வதேச நிபுணர் குழுவின் மதிப்பீடு. பெரும்பாலும் பல் பிடுங்கிய பிறகு ஆறாத புண்ணாக இது தொடங்கும். எனவே பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். பிறகு எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 5: எலும்புக்கு மருந்து சாப்பிட்டால் தொடை எலும்பே முறிந்துவிடும்.

உண்மை: இடிப்பு நெடுநாள் அடங்கிப்போனால் நுண்ணிய விரிசல்களைச் சீர்செய்யும் வேலையும் மந்தமாகிவிடுகிறது. அபூர்வமாகத் தொடை எலும்பு நடுவில் முறிவது இதனால் என்றே கருதப்படுகிறது. 2020-இல் தெற்கு கலிபோர்னியாவில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பெண்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. வெள்ளையரில் 10,000 பேர் மூன்றாண்டு அலெண்ட்ரோனேட் வகை மருந்தை எடுத்தால் 149 இடுப்பு எலும்பு முறிவுகள் தவிர்க்கப்படும். மருந்தால் 2 தொடை முறிவுகள் வரும். ஆசிய வம்சாவளிப் பெண்களில் தவிர்க்கப்படுபவை 91, வருபவை 8.

நாம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை. அதிலும் பலனின் பக்கமே தராசு தாழ்கிறது, ஆனால் இடைவெளி குறைவு. மருந்து எடுக்கும் ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடும். நிறுத்தியதும் விரைவாகக் குறையும். தொடையிலோ கவட்டையிலோ விடாத வலி இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 6: ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது.

உண்மை: அலெண்ட்ரோனேட்டும் ஜொலெட்ரோனிக் ஆசிடும் எலும்பிலேயே படிந்து, நிறுத்திய பிறகும் சில காலம் வேலை செய்யும். 2006-இல் வெளிவந்த ஃப்ளெக்ஸ் ஆய்வில், ஐந்தாண்டோடு அலெண்ட்ரோனேட்டை நிறுத்தியவர்களுக்கும் பத்தாண்டு தொடர்ந்தவர்களுக்கும் இடுப்பு எலும்பு முறிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலியோடு வெளிப்பட்ட முதுகெலும்பு முறிவு மட்டும் நிறுத்தியவர்களிடம் கூடுதலாக இருந்தது. எனவே மாத்திரை என்றால் ஐந்தாண்டு, டிரிப் என்றால் மூன்றாண்டு கழித்து, ஆபத்து குறைந்தவர்களுக்கு மருந்துக்கு இடைவெளி விடலாம். ஏற்கெனவே முறிவு கண்டவர்களுக்குத் தொடர வேண்டியிருக்கலாம். டெரிபாரடைட் பொதுவாக இரண்டாண்டுக்கு மேல் போவதில்லை. அது முடிந்ததும் வேறு மருந்தைத் தொடர்ந்தால்தான் கட்டிய எலும்பு நிலைக்கும்.

நம்பிக்கை 7: அப்படியானால் எந்த மருந்தையும் நினைத்தபோது நிறுத்திவிடலாம்.

உண்மை: டெனோசுமாப் ஊசியை ஒருபோதும் அப்படி நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இது எலும்பில் படிவதில்லை. ஊசி தவறினால் அதுவரை அடங்கியிருந்த இடிப்பு முன்னைவிட வேகமாகக் கிளம்பும். சில மாதங்களிலேயே சேர்த்த எலும்பு கரையும். சிலருக்கு முதுகெலும்புகள் ஒரே சமயத்தில் பல இடங்களில் நொறுங்கியிருக்கின்றன. நிறுத்த வேண்டுமென்றால் உடனே வேறொரு மருந்துக்கு மாற வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இந்த ஊசி ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024-இல் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

யாருக்குத் தேவை என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது. டி-ஸ்கோர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்து, வேறு ஆபத்து எதுவும் இல்லாத ஐம்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் உடற்பயிற்சியும் கேழ்வரகு, பால், கீரை நிறைந்த சாப்பாடும் போதும். ஏற்கெனவே ஒரு முறிவு கண்ட எழுபது வயதுக்காரருக்கு, தக்க மருந்தை மறுப்பதுதான் பெரிய ஆபத்து. மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எனக்கு எலும்பு முறியும் வாய்ப்பு எவ்வளவு? இந்த மருந்து அதை எவ்வளவு குறைக்கும்? எத்தனை ஆண்டு எடுக்க வேண்டும்? நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்? பதில் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள்.