கேரவன் வாங்கப் போன கதையும், பாடி கட்டும் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் முறையும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, "அன்னை", "நட்பு", "வேலையில்லாத் திண்டாட்டம்" எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்குக் கவிதை வராது. எனவே, எங்கள் வீட்டுக்கு எண்பதாயிரம் ரூபாய் செலவு வைத்த ஒரு பாடத்தை என் சிற்றறிவுக்கு எட்டிய வரை எழுதுகிறேன். சிலபஸில் இது இல்லை. ஆனால் இதற்குத் தேவையான கணக்கெல்லாம் நம் சிலபஸில்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு வெட்கம்.

கேரவன் என்றால் நம் பக்கத்துக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சினிமா ஷூட்டிங்தான். கம்பம் பள்ளத்தாக்கில் படப்பிடிப்பு நடக்கும்போது நடிகர் உட்கார ஒரு வண்டி வந்து நிற்குமே, அது. ஆனால் குடும்பத்தோடு ஊர் சுற்ற, படுக்க, சமைக்க வசதியோடு கட்டிய சிறிய வேனும் இதே ஜாதிதான். வெளிநாட்டில் இது பழைய சங்கதி. ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி 1951-லேயே போக்ஸ்வேகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வாகமண்ணில் கேரவன் பார்க் வந்தது. குமுளி வழியாகப் போனால் நமக்கு எட்டுகிற தூரம்தான்.

அந்தச் செய்தி என் தாய்மாமன் காதில் விழுந்தது. மாமா பதினாறு வருஷமாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலை இருட்டிலே கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மலை. ஜீப் வேறொருவருடையது. சொந்தமாக ஒரு வண்டி என்பது அவருடைய ஆசை. "தேக்கடிக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம் மாப்ளே, நானே டிரைவர்" என்றார். கையில் ஒரு லட்சம் வைத்திருந்தார். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து இன்னொரு லட்சம் கொடுத்தார். மிச்சத்துக்கு வங்கிக் கடன் என்று பேச்சு.

பட்டறை பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அந்தப் பட்டறையின் பெயரும் ஊரும் வேண்டாம். உள்ளே ஒரு மாதிரி வண்டி நின்றது. சோபா, நீல பல்பு, டி.வி., கர்ட்டன்... நான் பல்பைப் பார்த்தேன், கர்ட்டனைத் தொட்டுப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை! முதலாளி காபி வாங்கிக் கொடுத்தார். "மூணே மாசம், சாவி உங்க கையில" என்றார். மாமா என்னைப் பார்த்து, "மாப்ளே, நீதான் படிச்சவன், நீ சொல்லு" என்றார். "நல்லா இருக்கு மாமா" என்றேன். மூன்று வார்த்தை. இரண்டு லட்சத்துக்கு ரசீது, முதலாளியின் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய ஒரு வரி.

இரண்டு வாரம் கழித்து எங்கள் துறை ஆசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "அப்ரூவல் சர்டிபிகேட் யார் பேர்ல, எந்த சேசிஸுக்கு?" எனக்கு விழித்தது கண் மட்டும்தான். போய்க் கேட்டபோது ஒரு ஜெராக்ஸ் தந்தார்கள். அதில் இருந்தது வேறொரு கம்பெனியின் பெயர், வேறொரு வண்டியின் மாடல்!

இந்தச் சர்டிபிகேட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இது தெரியவில்லை. பழைய ஜீப்புக்குத் தார்ப்பாய் மாற்றுவது போல நினைத்துக்கொள்கிறோம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை யாருக்கு? வண்டியின் சொந்தக்காரருக்கு! பட்டறைக்காரர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

கேரவனுக்கென்றே தனி விதிமுறை உண்டு. ஏ.ஐ.எஸ். 124 என்று பெயர். பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052 இருப்பது போல. உட்கார இடமும் மேஜையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் இவை இருந்தால்தான் அது மோட்டார் கேரவன். பட்டறை தன் வடிவமைப்பை புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் குறிப்பிட்ட சேசிஸுக்கு மட்டும்தான் செல்லும். டிராவலருக்கு வாங்கியதை வேறு வேனுக்குக் காட்ட முடியாது. எனவே பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டியது விலை அல்ல, இந்தத் தாள். நம்பரைக் குறித்துக்கொண்டு, தேனி ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, "இந்த வண்டி டி.என். 60-ல் கேரவனாகப் பதிவாகுமா?" என்று அட்வான்சுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பழைய வண்டியை மாற்றுவதென்றால் முன் அனுமதி இல்லாமல் ஸ்குரூ கூடக் கழற்றக்கூடாது. வாடகைக்கு விடுவதென்றால் மஞ்சள் போர்டு. இன்சூரன்சும் கேரவன் என்றே எழுதப்பட வேண்டும்.

அடுத்தது எடை. நாம் முதல் வருஷம் படித்த மெக்கானிக்ஸ் இங்கேதான் வேலை செய்கிறது. ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடையும், ஏற்றலாம் என்ற மொத்த எடையும் இருக்கும். கணக்கு எளிதாக இருக்க, சீட்டைக் கழற்றிய வேன் 2200 கிலோ, மொத்த அனுமதி 3500 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 1300. ஐந்து பேர் 350, தண்ணீர் நூறு லிட்டர் 100, பிளைவுட் அலமாரியும் கட்டிலும் 350, ஏ.சி. 60, பிரிட்ஜ் 25, அடுப்பும் சிலிண்டரும் 20, பெட்டி படுக்கை 100. கூட்டினால் 1005. பரவாயில்லை, 295 கிலோ கையில் இருக்கிறது என்று நான் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஆனால் மொத்தம் மட்டும் போதாது, எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். நூறு லிட்டர் டேங்கைப் பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் என்ன ஆகும்? வீல்பேஸ் 3.35 மீட்டர் என்றால், பின் ஆக்ஸில் மேல் 100 அல்ல, 130 கிலோ ஏறும். முன் ஆக்ஸிலிலிருந்து 30 கிலோ குறையும். சீசா பலகை மாதிரிதான். லோயர் கேம்ப் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி விட்டாற்போல் இருக்கும். அதே டேங்கைக் கூரையில் வைத்தால் புவியீர்ப்பு மையம் உயர்ந்து வளைவில் வண்டி சாயும். நான் மயங்கிய அந்த மாதிரி வண்டியில் டேங்க் கூரையில்தான் இருந்தது. ஷவரில் தண்ணீர் வேகமாக வருமாம்!

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பட்டறை முன்பு கட்டிக் கொடுத்த ஒரு வண்டியைத் தண்ணீர் நிரப்பி எடை மேடைக்கு ஓட்டிப் போகச் சொல்லுங்கள். முழு வண்டியை ஒரு முறை, முன்சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு முறை, பின்சக்கரம் மட்டும் ஒரு முறை. மூன்று சீட்டு. ஒளிக்க ஒன்றுமில்லாதவர் சந்தோஷமாக வருவார். "அதெல்லாம் எதுக்குங்க" என்பவரிடம் அப்போதே கும்பிடு போட்டுவிடலாம்.

கரண்ட் வேலையில்தான் ஏமாற்று அதிகம், காரணம் ஒயர் சுவருக்குள் மறைந்துவிடுகிறது. வீட்டு ஒயரிங் செய்கிறவருக்கு 230 வோல்ட் பழக்கம். 12 வோல்ட்டில் அதே வாட்டுக்கு ஆம்பியர் பத்தொன்பது மடங்கு ஆகிறது. 240 வாட் லோடு என்றால் 20 ஆம்பியர். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, போக வர பத்து மீட்டர் 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் போட்டால் மின்தடை சுமார் 0.069 ஓம். வோல்டேஜ் இழப்பு 1.38. அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போச்சு! அந்த 27 வாட்டும் பிளைவுட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவில் சூடாக மாறுகிறது. 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.34 வோல்ட்தான். எனவே எந்த லோடுக்கு எந்த ஒயர் என்று எழுதிய வரைபடம் கேளுங்கள். பியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியிலும் ஒரு கணக்கு உண்டு. 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். 1200 வாட் அவர் என்று பெயர், ஆயுள் குறையாமல் எடுக்க முடிவது பாதி. "இரண்டு பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும்" என்று எங்களிடம் சொன்னார்கள். ஆயிரம் வாட் ஏ.சி. தொடர்ந்து ஓடினால் ஒன்றேகால் மணி நேரம் கூடத் தாங்காது. அன்றைக்கு இதை நான் மனக்கணக்காகவே போட்டிருக்கலாம்.

கேஸ் பற்றிச் சுருக்கமாக. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டி படுக்கைப் பகுதியிலிருந்து தனியாக அடைக்கப்பட்டு, அதன் அடித்தளத்தில் வெளிப்பக்கம் திறந்த துவாரம் இருக்க வேண்டும். மேலே ஜன்னல் இருக்கிறதே என்பது பதில் ஆகாது.

பணம் திரும்ப வாங்கப் போன கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆறு நடை. மாமா ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் ஜீப் சம்பளத்தை விட்டார். கடைசியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது. மிச்ச எண்பதுக்கு "பிளைவுட் வாங்கிட்டோம்" என்றார்கள். எந்த பிளைவுட், எங்கே என்று காட்டவில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வண்டி வாங்குகிறவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர்தான், தேனியிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் போய் நிற்க ஒரு தாள் வேண்டுமே! கையில் இருந்தது விசிட்டிங் கார்டு. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. வெறும் கழுத்தோடு ரேஷன் கடைக்குப் போய் வருவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

இரண்டாம் முறை கரூர் பக்கம் போனோம். கரூரில் பஸ் பாடி கட்டும் தொழில் ஊரறிந்தது, லாரிக்கு நாமக்கல் போல. அதற்காகக் கரூர் போர்டு போட்டவரெல்லாம் யோக்கியர் என்று சொல்லவில்லை. மூன்று பட்டறை ஏறி இறங்கினோம். ஒன்றில் தாள் இல்லை. ஒன்றில் தாள் இருந்தது, ஆனால் சேசிஸ் பிரேமிலேயே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிரேமில் நினைத்த இடத்தில் சூடு காட்டினால் அந்த இடம் பலவீனமாகி நாளடைவில் விரிசல் விடும் என்று நம் ஒர்க்ஷாப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். திரும்பிவிட்டோம்.

மூன்றாவது பட்டறையில் கர்ட்டனும் இல்லை, காபியும் இல்லை. மேஸ்திரி ஒரு பழைய வண்டியின் சொந்தக்காரரை எங்களோடு பேச வைத்தார். நாலு மழைக்காலம் பார்த்த வண்டி அது. இந்த முறை நான் முதலில் அடியில் படுத்துத்தான் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒழுகிய கறை ஒன்று இருந்தது. கேட்டதற்கு, "ஆமாங்க, ரெண்டாம் வருஷம் ஒழுகுச்சு, வந்து ரப்பர் மாத்திக் கொடுத்தாங்க" என்றார் அந்தச் சொந்தக்காரர். ஒழுகவே இல்லை என்று சொல்லியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது. பணம் நாலு தவணை. பிரேம் முடிந்ததும், ஒயரிங் முடிந்து பலகை அடிப்பதற்கு முன்னால் நாங்கள் வந்து பார்த்ததும், எடைச் சீட்டு வந்ததும், ஆர்.சி. கைக்கு வந்ததும். எல்லாம் பில்லோடு, கையெழுத்தோடு.

கிளம்பும்போது என் நோட்டை மேஸ்திரியிடம் நீட்டினேன். எடைக் கணக்கு, டேங்க் கணக்கு, ஒயர் கணக்கு எல்லாம் போட்டிருந்தேன். மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எட்டாவதுதான் படித்தவராம்.

"எல்லாஞ் செரியாத்தான் இருக்குதுங்க தம்பி. பேட்டரி ரெண்டையும் எங்கீங்க காணோம்? அறுவது கிலோவாச்சே" என்றார்.

பென்சிலை வாங்கி 295-ஐ அடித்து 235 என்று எழுதினேன். அட்வான்ஸ் ரசீதில் மாமா கையெழுத்துப் போட்டார்.