எண்ணெயில் மூழ்கிய ஊசலும் ஜோசப்சன் சந்தியும்

மாணவர்களே! இரண்டு மீக்கடத்திகளுக்கு இடையே மிக மெல்லிய காப்புப் பொருளை வைத்தால், அதன் வழியே மின்னோட்டம் செல்லுமா? செல்லும், மின்னழுத்தம் சிறிதும் இன்றியே செல்லும். 1962-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த 22 வயது பிரையன் ஜோசப்சன் இதனைக் கணக்கிட்டுக் கூறினார். மறு ஆண்டே இது சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டது. 1973-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இவ்வமைப்பே ஜோசப்சன் சந்தி எனப்படும். இதயமும் மூளையும் உண்டாக்கும் மிக நுண்ணிய காந்தப் புலத்தையும் இதைக்கொண்டு அளக்கலாம்.

முதலில் இச்சந்திகளை 4.2 கெல்வினில் உள்ள நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்க வேண்டியிருந்தது. 1986-ல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் உயர்வெப்பநிலை மீக்கடத்திகளைக் கண்டறிந்தனர். 1987-ல் கண்டறியப்பட்ட இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு சுமார் 92 கெல்வின்வரை மீக்கடத்தியாக இருக்கும். எனவே விலை குறைந்த நீர்ம நைட்ரஜனே (77 கெல்வின்) போதும். ஆனால் அந்த வெப்பம் சந்தியின் வேலையைக் கெடுக்காதா? இதனைக் கணக்கிட்டே அறியலாம்.

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணைகளாகச் சேர்ந்து ஒரே அலைபோல் இயங்குகின்றன. சந்தியின் இருபுறமும் உள்ள அலைகளின் கட்ட வேறுபாட்டை ஓர் ஊசலின் கோணமாகக் கருதுங்கள். ஊசலைத் திருப்பும் விசை, நாம் செலுத்தும் மின்னோட்டம். ஊசல் சுழலும் வேகம், மின்னழுத்தம். 1 மைக்ரோ வோல்ட் என்பது நொடிக்கு 48.36 கோடி சுற்றுகளுக்குச் சமம்! உயர்வெப்பநிலைச் சந்திகளில் அலைவுத் தணிப்பு மிகுதி. ஆகவே இவ்வூசல் விளக்கெண்ணெயில் மூழ்கியதுபோல் மெல்ல நகரும்.

சந்தி மின்னழுத்தமின்றித் தாங்கும் பெரும மின்னோட்டத்தை 1 எனக் கொள்வோம். கணக்கின் விதி இதுதான்:

புதிய கோணம் = பழைய கோணம் + 0.5 × (மின்னோட்டம் − பழைய கோணத்தின் சைன்)

கோணம் ரேடியனில் இருக்கட்டும். மின்னோட்டம் 0.5 என்றால், 0-இல் தொடங்கி 0.25, 0.376, 0.442, 0.478 என ஏறி, 0.524-ஐ, அதாவது 30 பாகையை, நெருங்கி நின்றுவிடும். ஊசல் நின்றது, மின்னழுத்தம் இல்லை. மின்னோட்டம் 1.5 என்றால்? சைன் 1-ஐத் தாண்டாது; ஆகவே ஒவ்வொரு படியிலும் குறைந்தது 0.25 கூடிக்கொண்டே போகும். ஊசல் நில்லாமல் சுற்றும், மின்னழுத்தம் தோன்றும்.

இனி வெப்பத்தைச் சேர்ப்போம். வெப்பம் ஊசலைத் தாறுமாறாக உதைக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் கோணத்துடன் 0.3 கூட்டுங்கள், பூ விழுந்தால் 0.3 கழியுங்கள். மின்னோட்டம் 0.9 ஆகட்டும். நாணயம் இல்லாவிடில் ஊசல் 1.12-இல் (64 பாகை) அசையாமல் நிற்கும். தொடர்ந்து நான்கு முறை தலை விழுந்தால் 1.42, 1.68, 1.93, 2.21 என்று ஏறிவிடும். 2.02-ஐத் (116 பாகை) தாண்டிய ஊசலைப் புவியீர்ப்பால் தடுத்து நிறுத்த இயலாது. பூ விழுந்து பின்னுக்கு இழுத்தாலன்றி அது தலைகீழாகச் சுற்றிவிடும். மின்னோட்டம் 1-க்குக் கீழ் இருந்தும் மின்னழுத்தம் தோன்றிவிட்டதன்றோ? கணிப்பொறியும் இதே வேலையைத்தான் சிறுசிறு படிகளாக இலட்சக்கணக்கான முறை செய்கிறது.

வெப்பத்தின் உதையை மின்னோட்டமாக அளந்தால், 4.2 கெல்வினில் அது சுமார் 0.18 மைக்ரோ ஆம்பியர். 77 கெல்வினில் சுமார் 3.2 மைக்ரோ ஆம்பியர். 5 மைக்ரோ ஆம்பியர் தாங்கும் சந்தி ஹீலியத்தில் செவ்வையாக இயங்கும். நைட்ரஜனில் அதன் குணம் மழுங்கிவிடும். ஆகவே 77 கெல்வினுக்கான சந்தி இதைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். விலையுயர்ந்த படலத்தைச் செய்யுமுன்பே இதனை நமக்குச் சொல்வது கணக்கு!

ஒரு சைன் அட்டவணையும் நாணயமும் எடுத்து நீங்களே செய்து பாருங்கள். 1 ரேடியன் என்பது 57.3 பாகை என்பதை மட்டும் மறவாதீர்கள்.