மீன்கள் வீடு மாறும்போது



இடம்பெயர்தல் நம்மவர்க்குப் புதியதன்று. நாடுவிட்டு நாடு வந்த நாம், வந்த நாட்டிலும் தொழில், கல்வி, உறவு ஆகியவற்றின் பொருட்டு நகர்விட்டு நகர் மாறிக்கொண்டே இருக்கிறோம். கனடாவின் கியூபெக் மாகாணத்திலே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் யூலை மாதம் முதலாம் திகதி தொடங்குகின்றன. அதனால் அந்நாளில் மொன்றியல் நகரத் தெருக்கள்தோறும் கட்டில்களும் மெத்தைகளும் பாரவண்டிகளில் ஏறுவதைக் காணலாம். சில வீடுகளிலிருந்து ஒரு கண்ணாடி மீன்தொட்டியும் வெளியே வரும். அதனுள் வாழ்ந்த மீன்களை எவ்வாறு கொண்டுசெல்வது என்ற எண்ணம் பலருக்குக் கடைசி நாளிலேதான் எழுகின்றது.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்குக் குடிவந்த குடும்பமொன்றை நாம் அறிவோம். பிள்ளைகள் தங்கள் எட்டு மீன்களையும் மடியில் வைத்துக் காத்துவந்தனர். எட்டும் உயிருடன் வந்து சேர்ந்தன. பெற்றோர் தொட்டியையும் வடிகட்டியையும் குழாய்நீரில் நன்றாகக் கழுவிப் பளபளப்பாக்கினர். புதுநீர் நிரப்பி, கடையில் வாங்கிய மருந்தால் அந்நீரைப் பதப்படுத்தி, மீன்களை விட்டனர். பத்து நாள்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு மீன்கள் இறந்தன. இளைய பிள்ளை பல நாள் அத்தொட்டியின் பக்கமே செல்லவில்லை. வழியிலே பிழைத்தவை வீட்டிலே ஏன் இறந்தன? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

மீன்கள் தம் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகப் பூக்களின் வழியே நீரில் வெளியேற்றுகின்றன. உண்ணாது விட்ட உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகின்றது. இது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் நீர் மிகுதியாக இருப்பதால் அது செறிவதில்லை. சிறு தொட்டியிலோ சில நாள்களிலேயே உயிரைப் போக்கும் அளவுக்குப் பெருகிவிடும்.

அவ்வாறு பெருகாமல் காப்பவை பற்றீரியாக்கள். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றது. அதுவும் நஞ்சே. இன்னொரு வகை, நைத்திரைற்றைத் தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றது. மண்ணில் நிகழும் இம்மாற்றங்களுக்கு உயிரிகளே காரணம் என்பதை ரசிய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி, சுவிற்சர்லாந்திலே செய்த ஆய்வுகளால் 1890 ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். மீன்தொட்டியிலும் இதுவே நிகழ்கின்றது.

இப்பற்றீரியாக்கள் நீரிலே மிதந்து திரிபவை சிலவே. பெரும்பாலானவை வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள சரளைக்கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. அவற்றுக்கு ஈரமும் ஒட்சிசனும் வேண்டும். உலர்ந்தால் அவை மடியும். குழாய்நீரிலுள்ள குளோரீன் பட்டாலும் மடியும். புதிய தொட்டியில் அவை போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லலாம்.

இப்போது விடை தெளிவாகின்றது. அந்தக் குடும்பம் மீன்களைக் கொண்டுவந்தது. மீன்களைக் காத்துவந்த உயிர்களை அழுக்கென்று எண்ணிக் கழுவிவிட்டது. மீன்களோடு வடிகட்டியின் உயிர்களையும் உயிருடன் கொண்டுசெல்வதே மீன்தொட்டியை இடம்மாற்றும் கலையின் உயிர்நாடி.

புறப்படுமுன்

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்குத் தரைவழித் தூரம் ஏறக்குறைய 540 கிலோமீற்றர். காரில் ஆறு மணிநேரம் செல்லும். பொருள்களை ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் மீன்கள் பத்து மணிநேரம் வரை தொட்டிக்கு வெளியே இருக்க நேரிடும். எனவே ஆயத்தங்களை முன்னரே செய்தல் வேண்டும்.

புறப்படுவதற்கு 24 மணிநேரம் முன்பிருந்தே மீன்களுக்கு உணவிடலாகாது. இது கொடுமையன்று. நலமான வளர்ந்த மீன் சில நாள்கள் உணவின்றி இருக்கும். வயிறு வெறுமையாக இருந்தால் வழியில் கழிவு குறையும்; நீர் கெடாது.

வெப்பமாக்கியின் மின்னிணைப்பைத் துண்டித்து, அரைமணிநேரம் நீருக்குள்ளேயே ஆறவிட்டு எடுக்கவேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

பையும் வாளியும்

சிறு மீன்களுக்குத் தடித்த பிளாஸ்ரிக் பைகள் ஏற்றவை. பையின் மூன்றில் ஒரு பங்குக்குப் பழைய தொட்டிநீரும், மூன்றில் இரு பங்குக்குக் காற்றும் இருக்கவேண்டும். மீனுக்கு வேண்டிய ஒட்சிசன் அக்காற்றிலிருந்தே நீரில் கரைகின்றது. ஆகவே பை நிறைய நீர் நிரப்புவது அன்பாகத் தோன்றினும் தீமையே தரும். வாயால் ஊதிக் காற்று நிரப்புவதும் தவறு. நாம் வெளிவிடும் மூச்சிலே காபனீரொட்சைட்டு மிகுதி. ஒரு பையை இன்னொரு பைக்குள் இட்டு, அடிமூலைகளை ஒட்டுநாடாவால் மடித்து ஒட்டினால் சிறு மீன்கள் மூலையில் நசுங்கா.

முள்ளுள்ள கெளுத்தி இனங்கள் பையைக் கிழித்துவிடும். அவற்றையும் பெரிய மீன்களையும் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் வைத்து, பற்றரியால் இயங்கும் காற்றுப் பம்பியைப் பொருத்தலாம்.

சண்டை மீனும் குராமியும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிப்பவை. இவற்றின் உறவான சொர்க்க மீன், 1869 ஆம் ஆண்டு சீனாவிலிருந்து கப்பலில் பாரிஸ் நகரை அடைந்தது. நீண்ட கடற்பயணத்தைத் தாங்க இவ்வியல்பே அதற்குத் துணைசெய்தது. இவ்வினங்களின் பைகளில் காற்றுக்கு இடம் விடுதல் இன்றியமையாதது.

தொட்டியும் வடிகட்டியும்

ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நூறு லீற்றர்த் தொட்டியிலே நீர் மட்டும் நூறு கிலோகிராம் இருக்கும். அரைகுறையாக நீரோடு தூக்கினாலும் நீர் அலைந்து கண்ணாடிப் பொருத்துகளைப் பிரித்துவிடும். ஆகவே நீரையும் சரளைக்கற்களையும் முற்றாக அகற்றிய பின்னரே தொட்டியைத் தூக்குதல் வேண்டும்.

வடிகட்டியின் பஞ்சைக் கழுவாமல், பழைய தொட்டிநீர் உள்ள வாளியில் இடவேண்டும். சரளைக்கற்களை இன்னொரு வாளியில் ஈரமாக வைக்கலாம். வாளிகளில் மேலே காற்றுக்கு இடம் விட்டு, மூடியைத் தளர்வாகப் போடுக. நிறுத்திய வடிகட்டியை நீரோடு இறுக மூடிக் கொண்டுசென்றால், உள்ளிருக்கும் ஒட்சிசன் சில மணிநேரத்தில் தீர்ந்து பற்றீரியாக்கள் மடியத் தொடங்கும்.

வழியிலே

மீன்கள் பாரவண்டியில் செல்லலாகாது; குடும்பத்தாரோடு காரிலே செல்லவேண்டும். பைகளை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இடைவெளிகளைத் துவாயால் நிரப்பி மூடுக. இருளிலே மீன்கள் அமைதியாக இருக்கும். வெப்பநிலையும் விரைந்து மாறாது.

வெப்பம் ஏறினால் நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையிலோ ஏழரை மில்லிகிராம் மட்டுமே. அதேவேளை வெப்பம் மிக மிக மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும். வழியிலே கிங்ஸ்ரன் நகரில் இளைப்பாற நேர்ந்தால், யூலை வெயிலில் பூட்டிய காருக்குள் மீன்பெட்டியை விட்டுச் செல்லாதீர். ஒருவர் காரோடு நிழலில் நிற்கட்டும். மீன்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஆவலிலே பைகளை அவிழ்க்கவும் வேண்டாம்.

புது வீட்டிலே

வண்டியில் கடைசியாக ஏறும் மீன்தொட்டியே வீட்டில் முதலாவதாக நிலைபெற வேண்டும். சமையற்பாத்திரங்கள் காத்திருக்கும்; மீன்கள் காத்திரா.

ஒன்ராறியோ ஏரியே கிங்ஸ்ரன் அருகில் சென் லோறன்ஸ் ஆறாகி மொன்றியலை அடைகின்றது. ரொறன்ரோ அவ்வேரியிலிருந்தும் மொன்றியல் அவ்வாற்றிலிருந்தும் குடிநீர் எடுக்கின்றன. ஒரே நீர்வழியேயாயினும் தூய்மையாக்கும் முறை வேறு. மொன்றியலில் நீருக்குக் குளோரீன் இடப்படுகின்றது. ரொறன்ரோவில் குழாய்வழி வருவது குளோரமீன் கலந்த நீர். குளோரீன் நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் நீங்கிவிடும். குளோரமீன் அவ்வாறு எளிதில் நீங்காது. அதனை நீக்குமென்று குறிக்கப்பட்ட பதப்படுத்தும் மருந்தை இடுதலே வழி. பழைய ஊரின் பழக்கம் புதிய ஊரில் பயன்படாது போவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நீர் நிரப்பி, வெப்பநிலை பழைய அளவுக்கு வந்து, வடிகட்டி ஓடத் தொடங்கியபின் மூடிய பைகளைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுக. பின்னர் பையைத் திறந்து, தாமதியாது மீன்களை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுக. பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. மூடிய பையில் காபனீரொட்சைட்டு சேர்ந்து நீர் சற்று அமிலமாகும். அந்நிலையில் அமோனியாவின் நச்சுத்தன்மை தணிந்திருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும். நஞ்சு மீண்டும் தலைதூக்கும்.

முதல்நாள் விளக்கேற்றாது விடுக. மறுநாள் சிறிதளவே உணவிடுக. முதல் நான்கு கிழமைகளும் அமோனியாவையும் நைத்திரைற்றையும் சோதித்து வருக. இரண்டிலொன்று தோன்றினாலும் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றுக.

கொண்டுசெல்ல இயலாவிடின்

சிலவேளை மீன்களை விட்டுச்செல்ல நேரும். அப்போது நண்பர்க்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, மீன் விற்கும் கடைக்கோ கொடுக்கலாம். ஏரியிலோ குளத்திலோ விடுதல் கருணையன்று. அவ்வாறு விடப்பட்ட தங்கமீன்கள் இயற்கை நீர்நிலைகளில் பெருகி, அடிச்சேற்றைக் கிளறி, நீர்த்தாவரங்களை அழிக்கின்றன. ரொறன்ரோவை அடுத்த ஹமில்ரன் துறைமுக நீரிலே அவை பெருகிக் கிடப்பதை இன்றும் காணலாம்.

அன்பான மாணவர்களே, அக்குடும்பத்தில் அன்புக்குக் குறைவிருக்கவில்லை; அறிவு ஒன்றே பிந்தி வந்தது. எஞ்சிய இரு மீன்களும் பின்னர் நலமாக வாழ்ந்தன. இப்போது அத்தொட்டியின் பஞ்சைக் கழுவும் பொறுப்பு அந்த இளைய பிள்ளையுடையது. குழாயின் கீழன்று, தொட்டிநீர் எடுத்த சிறு வாளியிலே மெல்லப் பிழிந்து கழுவுகின்றாள். நம் பொறுப்பில் வாழும் உயிர்க்கு எது வேண்டும் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிவோமாக.

பயிற்சி வினாக்கள்

1. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவலாகாது என்பதற்குக் காரணம் தருக.
2. பையிலே நீரினும் காற்று மிகுதியாக இருக்கவேண்டுவது ஏன்?
3. வெப்பம் ஏறும்போது மீனுக்கு நேரும் இருவகை இடர்கள் யாவை?
4. உங்கள் நகரின் குடிநீர் எங்கிருந்து வருகின்றது, எதனால் தூய்மையாக்கப்படுகின்றது என்பதைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து வாக்கியங்களில் எழுதுக.